இல்லமும் அறிவியலும்: சுவிட்சுக்குள் எழும் நெருப்பு



நம் இல்லத்திலுள்ள கருவிகளுள் நாள்தோறும் மிகுதியாகக் கைபடுவது எது என்று வினவினால், மிக்சி என்பர் சிலர். கைப்பேசி என்பர் சிலர். சுவரோடு சுவராகப் பதிந்திருக்கும் மின்சுவிட்சை நினைப்பவர் அரியர். விடியலில் அடுக்களை விளக்கை எரியச் செய்வது முதல் இரவில் மின்விசிறியை ஓடவிட்டுப் படுப்பது வரை அதனை எத்தனை முறை தட்டுகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது பழுதுபடும்போது மட்டுமே அதன் நினைவு வருகிறது.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் கேள்வி ஒன்றுண்டு. “சுவிட்சைத் தட்டினால் உள்ளே சடசடவென்று ஒலி கேட்கிறது. பலகை சூடாகிறது. ஓரங்களில் கருமை படிகிறது. புதிதாக மாற்றினாலும் சில மாதங்களில் மீண்டும் அதே நிலை. காரணம் என்ன?” இத்திங்கள் இக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம்: மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது சுவிட்சுக்கு எளிய வேலை, பிரித்து வைப்பதே கடினமான வேலை. பிரிக்கும் நொடியில் சுவிட்சுக்குள் ஒரு சிறு நெருப்பு பிறக்கிறது. அந்த நெருப்பை எவ்வளவு விரைவில் அணைக்கிறது என்பதே ஒரு சுவிட்சின் ஆயுளை அறுதியிடுகிறது.

இரு முனைகள் பிரியும் நொடி

சுவிட்சைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை மிகச் சில. பித்தளையாலோ செம்புக் கலவையாலோ ஆன சிறு நெம்புகோல் ஒன்று. அதன் முனையில் மிளகினும் சிறிய வெள்ளிக் குமிழ். அதற்கு எதிரே அசையாது நிற்கும் மற்றொரு வெள்ளிக் குமிழ். இவற்றை இயக்கும் சுருள்வில். இக்குமிழ்களைத் தொடுமுனைகள் என்று அழைப்போம்.

தொடுமுனைகள் பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், உருப்பெருக்கியால் நோக்கினால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். ஆகவே அவை ஒன்றையொன்று முழுப் பரப்பாலும் தொடுவதில்லை. ஒரு சில மேடுகளின் உச்சிகளில் மட்டுமே தொடுகின்றன. சுவிட்சை அணைக்கும்போது இவ்வுச்சிகள் ஒவ்வொன்றாக விலகும். இறுதியில் ஒரே ஓர் உச்சி எஞ்சி நிற்கும். அதுவரை பல வழிகளில் பாய்ந்த மின்னோட்டம் முழுவதும் அந்த ஒற்றை உச்சியின் வழியாகப் பாய்ந்தாக வேண்டும். அது தாங்காது. நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் கொதித்துச் சூடேறி உருகுகிறது. வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் அவ்விடத்தில் எளிதில் உண்டாகிவிடுகிறது.

அதிரசத்திற்குப் பாகு காய்ச்சும் தாய்மார்கள் இரு விரல்களுக்கிடையே பாகைத் தொட்டு இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பதுண்டு. அதே போன்று, விலகும் இரு முனைகளுக்கிடையே உருகிய வெள்ளி ஒரு மெல்லிய கம்பியாக நீள்கிறது. மேலும் விலகும்போது அக்கம்பி கொதித்து ஆவியாகி வெடித்து அறுகிறது. கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் நிற்பதில்லை. வெள்ளி ஆவியும், சூடேறிய காற்றும் மின்னூட்டம் பெற்று, தாமே மின்சாரம் செல்லும் பாதையாகிவிடுகின்றன. இடைவெளியில் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியுடன் எரியும் இப்பாதையையே மின்வில் என்கிறோம். அதன் நடுப்பகுதியின் வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேற்பட்டது. எந்த உலோகமும் அவ்வெப்பத்தின்முன் திண்மமாக நிற்க இயலாது.

மின்வில் என்ற பெயர் வந்த வரலாறு எளியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி என்னும் அறிஞர், பெரும் மின்கல அடுக்கு ஒன்றுடன் இரு கரித்தண்டுகளை இணைத்து, அவற்றைத் தொடச் செய்து பின்பு விலக்கிக் காட்டினார். கிடையாக வைக்கப்பட்ட தண்டுகளுக்கிடையே எழுந்த சுடர், சூடான காற்று மேலெழுவதால் மேல்நோக்கி வளைந்து வில் போல நின்றது. டேவியின் மேசைமீது விரும்பி வரவழைக்கப்பட்ட அதே வில்தான், நம் சுவரிலுள்ள சுவிட்சுக்குள் அழையாத விருந்தாக வந்து நிற்கிறது.

ஒவ்வொரு மின்வில்லும் தொடுமுனையிலிருந்து சிறிதளவு உலோகத்தைக் கவர்ந்து செல்கிறது. ஒரு முறையில் இழப்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் பல்லாயிரம் முறை தட்டும்போது முனைகளில் குழிகள் விழுகின்றன, பரப்பு சொரசொரப்பாகிறது, தொடும் உச்சிகள் குறைகின்றன, மின்தடை கூடுகிறது. மின்தடை கூடினால், சுவிட்சு மூடியிருக்கும்போதும் வெப்பம் உண்டாகிறது. வெப்பம் சுருள்வில்லின் விறைப்பைத் தளர்த்துகிறது. விறைப்புத் தளர்ந்தால் முனைகள் அழுத்தமின்றித் தொடுகின்றன. பிரியும்போதும் மெதுவாகப் பிரிகின்றன. மின்வில் முன்னிலும் நீண்டு எரிகிறது. ஒரு கேடு மறு கேட்டை வளர்க்கும் இந்தச் சுழலில் சிக்கிய சுவிட்சுதான் சடசடக்கிறது, சூடாகிறது, கருகுகிறது.

எனினும் எல்லா இடத்திலும் மின்வில் எழுவதில்லை. மின்தொடுமுனைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் ராக்னர் ஹோம் என்பவரின் ஆய்வுகள் இதற்குரிய எல்லைகளை வகுத்துத் தந்தன. வெள்ளி முனைகளுக்கிடையே நிலைத்த மின்வில் எரிய வேண்டுமாயின் ஏறத்தாழ 12 வோல்ட்டு மின்னழுத்தமும் 0.4 ஆம்பியர் மின்னோட்டமும் குறைந்தபட்சம் இருத்தல் வேண்டும். 3 வோல்ட்டில் எரியும் கைவிளக்கின் சுவிட்சு பல்லாண்டு உழைப்பதும், 230 வோல்ட்டைத் தாங்கும் வீட்டுச் சுவிட்சு தேய்வதும் இதனால்தான்.

வேகமே முதல் மருந்து

மின்விளக்கு வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் இச்சிக்கல் புதிதாக இருந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆம்ஸ்ட்ராங் பிரபு என்னும் பொறியியலாளர், கிராக்சைடு என்ற தம் மாளிகையில் 1880ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசஃப் ஸ்வானின் இழைவிளக்குகளை அமைத்தார். அவருடைய நூலகத்தில் பூச்சாடி வடிவிலான விளக்குகள் இருந்தன. அவற்றை அணைக்கும் முறை வியப்புக்குரியது. ஒவ்வொரு சாடியின் அடியிலும் ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம் இருந்தது. சாடியை அதன்மேல் வைத்தால் பாதரசத்தின் வழியே இணைப்புக் கிட்டி விளக்கு எரியும். சாடியைத் தூக்கினால் அணையும். பாதரசம் நீர்மம் ஆதலால் அதில் குழி விழாது. ஒவ்வொரு முறையும் அதன் பரப்பு தானே புதிதாகிவிடும். ஆனால் நச்சுத்தன்மையுள்ள பாதரசத்தைத் திறந்த கிண்ணத்தில் வைத்துக்கொண்டு எல்லா இல்லங்களிலும் விளக்கேற்ற இயலுமா?

கிராக்சைடுக்குத் தொலைவில் இல்லாத நியூகாசில் நகரில், 1884ஆம் ஆண்டில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்னும் பொறியாளர் இதற்கு விடை கண்டார். அக்காலச் சுவிட்சுகளில் கைப்பிடியும் தொடுமுனையும் ஒரே துண்டாக இணைந்திருந்தன. ஆகவே கை மெதுவாக நகர்ந்தால் முனையும் மெதுவாகப் பிரிந்தது. அவ்வளவு நேரமும் மின்வில் எரிந்தது. ஹோம்ஸ் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார். கை சுருள்வில்லை மட்டுமே இழுக்கும். சுருள்வில் போதிய அளவு விறைத்த பின் தானே முனையைச் சட்டென்று பறித்துவிடும். தொடுபவர் குழந்தையாயினும் முதியவராயினும், மெதுவாகத் தட்டினாலும் விரைவாகத் தட்டினாலும், முனைகள் பிரியும் வேகம் மட்டும் மாறாது.

இதன் அருமையை நாம் உணர வேண்டும். மனிதருடைய கையை நம்பாமல் பொறியின் வேகத்தை நம்பியதே ஹோம்ஸின் சிறப்பு. இன்றும் விசைத்துத் திறக்கும் சுவிட்சு ஒவ்வொன்றிலும் அவருடைய கருத்தே உயிராக விளங்குகிறது. நாம் சுவிட்சைத் தட்டும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலி, சுருள்வில் தன் கடமையைச் செய்துவிட்டது என்பதன் அடையாளம்.

இந்த வேகத்தை விரல்நுனி அளவான சிறு சுவிட்சுக்குள் கொண்டுவந்தவர் மக்கால் என்னும் அமெரிக்கர். இலினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட் நகரில் 1932ஆம் ஆண்டில் அவர் அமைத்த சுவிட்சில் தனிச் சுருள்வில்கூட இல்லை. மெல்லிய உலோகத் தகடு ஒன்றே வில்லாகவும் நெம்புகோலாகவும் பணிபுரிந்தது. திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளைப் பொம்மையை வாசகர் அறிவர். அடித்தகட்டை அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் எல்லை வரை ஒன்றும் நிகழாது. எல்லை கடந்ததும் ‘டிக்’ என்று தகடு மறுபக்கம் வளையும். மக்காலின் சுவிட்சும் அதே முறையில் இயங்குவது. பொத்தானை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அழுத்தினாலே தகடு முழு வேகத்துடன் பாய்ந்து முனைகளைப் பிரித்துவிடும். மைக்ரோ சுவிட்சு என்று பெயர் பெற்ற இவ்வகையே இன்று மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலும், மின்தூக்கியின் வாயிலிலும், கணினியின் சுட்டியிலும் பணிபுரிகிறது.

ஒரு நொடியில் நூறு முறை ஓயும் மின்சாரம்

இங்கே நம் வீட்டு மின்சாரத்தின் இயல்பு ஒன்றைக் கூறியாக வேண்டும். மின்வாரியம் தருவது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அவ்வாறு திசை மாறும்போதெல்லாம் ஒரு கணம் சுழியைத் தொட்டு ஓய்கிறது. நொடிக்கு 100 முறை, அதாவது ஆயிரத்தில் 10 பங்கு நொடிக்கு ஒரு முறை, அது தானே அடங்குகிறது. மின்வில்லுக்கு உணவு மின்னோட்டமே; உணவு நின்றதும் மின்வில் அணைகிறது. அக்கணத்தில் முனைகள் போதிய அளவு விலகிக் குளிர்ந்திருந்தால் மறுபடி பற்றிக்கொள்வதில்லை.

மின்கலம், சூரியத் தகடு ஆகியவை தருவது நேர்திசை மின்னோட்டம். அதற்கு இடைவேளை என்பதே இல்லை. ஒருமுறை பற்றிய மின்வில்லை இடைவெளியின் நீளத்தாலோ வேறு உபாயத்தாலோ நாமே அணைத்தாக வேண்டும். ஹோம்ஸின் காலத்து வீடுகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நேர்திசை மின்னோட்டமே. ஆதலால்தான் வேகம் அவ்வளவு இன்றியமையாததாயிற்று. நியூயார்க் நகரில் எடிசன் 1882ஆம் ஆண்டில் தொடங்கிய நேர்திசை மின்வழங்கல் 2007ஆம் ஆண்டில்தான் முற்றும் நிறுத்தப்பட்டது. மாறுதிசை மின்சாரம் பரவிய பின்பு சுவிட்சுகள் சிறுத்தன. முனைகளுக்கிடையேயான இடைவெளியும் குறுகியது. அதனால் அவை மலிவாயின. ஆனால் நேர்திசை மின்சாரத்தை அடக்கும் ஆற்றலை இழந்தன.

இவ்வேறுபாட்டை ஒரு சிறிய சுவிட்சின் முதுகில் பொறித்துள்ள எழுத்துகளிலேயே காணலாம். மாறுதிசையில் 250 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு ரிலேயின் மீது, நேர்திசையில் அதே 10 ஆம்பியருக்கு 30 வோல்ட்டு மட்டுமே என்று குறித்திருப்பது வழக்கம். எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு மின்வில் ஒன்றனால் விளைந்தது. 1990களில் மோட்டார் வாகனங்களை 12 வோல்ட்டிலிருந்து 42 வோல்ட்டுக்கு மாற்றும் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டுப் பின்பு கைவிடப்பட்டதற்கான காரணங்களுள், சுவிட்சுகளிலும் இணைப்புகளிலும் எழும் மின்வில்லும் ஒன்று.

வெள்ளியும் அதன் துணைகளும்

தொடுமுனைக்கு எந்த உலோகம் ஏற்றது? மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அதன் பரப்பில் படியும் கறையும் மின்சாரத்தைப் பெரிதும் தடுப்பதில்லை. செம்போ பித்தளையோ எளிதில் களிம்பேறி மின்தடையை வளர்க்கும். ஆதலால் நெம்புகோல் பித்தளையாயினும் தொடும் முனை மட்டும் வெள்ளியாக இருப்பது முறை. விலை குறைத்து விற்கப்படும் தரமற்ற சுவிட்சுகளில் முதலில் மறைந்துபோவது இந்தச் சிறு வெள்ளிக் குமிழே. பித்தளையோடு பித்தளை தொடும் சுவிட்சு, வெளித்தோற்றத்தில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நெடுநாள் உழைக்காது.

தூய வெள்ளிக்கு ஒரு குறை உண்டு. அது மென்மையானது, உருகினால் எதிர் முனையோடு ஒட்டிக்கொள்ளும். எனவே சிறு மின்னோட்டத்திற்கு வெள்ளியோடு நிக்கலைச் சேர்ப்பர். பெரு மின்னோட்டத்திற்கு வெள்ளிக்குள் உலோக ஆக்சைடுத் துகள்களைக் கலப்பர். நெடுங்காலம் காட்மியம் ஆக்சைடே இப்பணிக்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. மின்வில்லின் சூட்டில் அது சிதைந்து ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். ஆனால் காட்மியம் உடலுக்கு நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் மின்கருவிகளில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தியது. தொடுமுனைகளுக்கு மட்டும் சில காலம் விலக்களித்தது. அதன் இடத்தை இப்போது வெள்ளியும் வெள்ளீய ஆக்சைடும் சேர்ந்த கலவை பெருமளவு பிடித்துவிட்டது.

இன்னொரு புதுமையும் இங்குண்டு. மின்வில் முனைகளை அரிப்பது உண்மையே. எனினும் சிறு அளவில் அது நன்மையும் செய்கிறது. வெள்ளியின்மீது படிந்த கந்தகக் கறையையும் தூசியையும் அது எரித்து அகற்றுகிறது. ஆகவே விளக்குக்கு உரிய சுவிட்சை, மிக நுண்ணிய மின்னோட்டம் பாயும் மின்னணுக் கருவியில் பொருத்தினால், மின்வில் எழாமையாலேயே கறை தங்கி, இணைப்பு அற்றுப்போவதுண்டு. அத்தகைய இடங்களில் கறை படியாத பொன் முலாம் பூசிய முனைகளைப் பயன்படுத்துவர். வேலைக்கேற்ற சுவிட்சு என்பதே விதி.

விசிறியும் விளக்கும் ஒன்றல்ல

ஒரே சுவிட்சு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே அளவில் உழைப்பதில்லை. மின்விசிறி, நீரேற்று மோட்டார் போன்றவற்றில் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளிருப்போர் முன்னே சாய்வது போல, சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரென்று தடுத்தால் அது நிற்க மறுக்கிறது. சுருள் தன்னுள் சேமித்திருந்த ஆற்றலைக் கொண்டு நூற்றுக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தத்தைத் தானே எழுப்பி, முனைகளின் இடைவெளியைத் தாண்டிப் பாய முயல்கிறது. அதனால்தான் விசிறிச் சுவிட்சில் விளக்குச் சுவிட்சினும் பெரிய பொறி தோன்றுகிறது.

இதற்கும் பழைய மருந்து ஒன்றுண்டு. 1853ஆம் ஆண்டிலேயே ஃபிசோ என்னும் பிரெஞ்சு அறிஞர், தூண்டு சுருளின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை இணைத்தால் பொறி அடங்குவதைக் கண்டார். பாய வழியின்றித் தவிக்கும் மின்னோட்டத்திற்கு மின்தேக்கி ஒரு கணம் தங்குமிடம் தருகிறது. அதற்குள் முனைகள் விலகிவிடுகின்றன. பழைய அம்பாசடர் காரை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் அதன் ‘பாயிண்டு’ அருகே சிறு உருளை வடிவில் இருந்த கண்டென்சரை மறந்திருக்க மாட்டார்கள். அது பழுதானால் பாயிண்டு விரைவில் தீய்ந்துபோகும். வீட்டுக் கருவிகளில் மின்தேக்கியுடன் ஒரு மின்தடையையும் தொடராக இணைப்பர். மின்தடை இல்லையேல், அடுத்த முறை சுவிட்சை மூடும்போது மின்தேக்கியில் தேங்கிய மின்சாரம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் வெளிப்பட்டு முனைகளை ஒட்டவைத்துவிடும்.

மூடும்போதும் இடர் உண்டு என்பது இதனால் விளங்கும். இரு முனைகளும் மோதும்போது, தரையில் விழுந்த கோலிக்குண்டு போல, சில முறை எகிறிக் குதித்த பின்பே அமைகின்றன. ஒவ்வொரு குதிப்பிலும் ஒரு சிறு மின்வில் எழுகிறது. அத்தருணத்தில் மின்னோட்டம் மிகுதியாக இருந்தால் உருகிய முனைகள் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். பழைய இழைவிளக்கு குளிர்ந்த நிலையில் பத்து மடங்கு மின்னோட்டத்தை இழுத்தது. இன்றைய எல்இடி விளக்கு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுகிறது; ஆயினும் அதனுள் உள்ள மின்தேக்கி, சுவிட்சைப் போட்ட கணத்தில் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. ஒரே சுவிட்சில் பல எல்இடி விளக்குகளை இணைத்த இடங்களில் சுவிட்சு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இவையன்றி வேறு உபாயங்களும் உள. ஓரிடத்தில் பிரிப்பதற்கு மாறாக ஒரே நேரத்தில் ஈரிடங்களில் பிரித்தால், மின்வில் இரண்டாகப் பங்கிடப்பட்டு வலுவிழக்கும். முனைகளின் அருகே சிறு காந்தத்தை வைத்தால், அது மின்வில்லைப் பக்கவாட்டில் தள்ளி நீட்டி அறுத்துவிடும். மின்சார வாகனங்களில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை நிறுத்தும் தொடுமுனைகளைக் காற்றுப் புகாத கூட்டில் அடைத்து, ஐட்ரசன் போன்ற வெப்பத்தை விரைவில் கவரும் வாயுவை நிரப்பி, காந்தமும் சேர்த்து வைப்பதுண்டு. முனைகளைச் சுற்றியுள்ள கூடும் சூட்டைத் தாங்க வேண்டும். தீய்ந்து கரியாகும் பொருளாலான கூடு, நாளடைவில் அக்கரியின் வழியே மின்சாரம் கசிய இடம் கொடுக்கும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

இத்துணையும் கூறியது அறிவுக்கு விருந்தாக மட்டுமன்று. சுவிட்சுக்குள் எழும் நெருப்பு அதன் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் வரையே நமக்கு ஊழியம் செய்கிறது. எனவே குடும்பத்தினர் பின்வருவனவற்றை மனத்தில் கொள்வது நன்று.

முதலாவது, சுவிட்சு பேசும் மொழியைக் கேளுங்கள். தட்டும்போது ஒருமுறை ‘டக்’ என்பது இயல்பு. தட்டிய பின்னும் தொடரும் சடசடப்பு, தொட்டால் தெரியும் சூடு, மீன்வாடை போன்ற அல்லது பிளாஸ்டிக் தீயும் நாற்றம், ஓரங்களில் படியும் பழுப்பு நிறம் ஆகியவை நோயின் அறிகுறிகள். அத்தகைய சுவிட்சைத் தொடர்ந்து பயன்படுத்தாமல், முதன்மைச் சுவிட்சை அணைத்துத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள். சுவிட்சை மட்டும் மாற்றினால் போதாது. அதில் இணைந்த கம்பியின் முனை கருகியிருந்தால் அதனை வெட்டி நீக்கி, திருகைத் தளர்வின்றி முடுக்கச் சொல்லுங்கள். புதிய சுவிட்சும் சில மாதங்களில் கருகுவதற்குத் தளர்ந்த திருகே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, சுமையறிந்து சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். 2,000 வாட்டு வெந்நீர்க் கொதிகலன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியரை இழுக்கும். அதனை 6 ஆம்பியர் சுவிட்சில் இணைத்தல் தகாது. 16 ஆம்பியர் சுவிட்சே உரியது. நீரேற்று மோட்டார் தொடங்கும்போது வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் மறவாதீர்கள். சுவிட்சு வாங்கும்போது இந்தியத் தர எண் 3854ஐக் குறிக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரையின் பொருள் அழகன்று. குறித்த சுமையில் பல்லாயிரம் முறை தட்டிச் சோதிக்கப்பட்ட வகை என்பதே.

மூன்றாவது, இஸ்திரிப் பெட்டி முதலியவை இயங்கிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள்; பின்பு பிளக்கைக் கழற்றுங்கள். இயங்கும்போது பிடுங்கினால், மின்வில்லைத் தாங்குவதற்கென்று அமைந்த வெள்ளி முனையை விட்டுவிட்டு, அதற்கென்று அமையாத பித்தளைக் கால்களை நெருப்பிலிடுகிறோம். அவ்வாறே சுவிட்சைப் பாதி நிலையில் பிடித்து விளையாடும் சிறுவர்களைத் தடுங்கள். நடுவில் நிறுத்தினால் சுருள்வில்லின் வேகம் பயன்படாமல் போகிறது.

நான்காவது, இக்காலத்திற்கு மிகவும் வேண்டிய எச்சரிக்கை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைக்கும் திட்டத்தைத் தொடங்கிய பின்பு, நம் ஊர்களிலும் பல கூரைகளில் தகடுகள் ஏறியுள்ளன. அத்தகடுகளைத் தொடராக இணைத்து இன்வெர்ட்டருக்குக் கொண்டுவரும் கம்பிகளில் பாய்வது நேர்திசை மின்னோட்டம். மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட்டாகவும் இருக்கலாம். வெயில் அடிக்கும் வரை அதனை நிறுத்த இயலாது. கையில் கிடைத்தது என்று வீட்டுச் சுவிட்சையோ, மாறுதிசை மின்சாரத்திற்கு உரிய எம்சிபியையோ அக்கம்பியில் பொருத்தினால், அணைக்க முயன்ற சுவிட்சே எரியும் விளக்காகிவிடும். நேர்திசை மின்சாரத்திற்கென்று குறிக்கப்பட்ட சுவிட்சையே அங்கே பொருத்த வேண்டும். மின்னோட்டம் பாயும்போது தகடுகளின் இணைப்பு முனைகளைக் கையால் பிரிக்கவே கூடாது. பணியாளர் அமைத்துச் செல்லுமுன், “இந்தச் சுவிட்சு நேர்திசைக்கு உரியதா? எத்தனை வோல்ட்டுக்கு?” என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை; அச்சிட்ட எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல சுவிட்சுக்கும் மட்டமான சுவிட்சுக்கும் உள்ள விலை வேறுபாடு பெரும்பாலும் ஒரு வேளைக் காய்கறிச் செலவைத் தாண்டாது. அச்சிறு தொகைக்கு நாம் பெறுவது சில துளி வெள்ளியும், விறைப்புக் குன்றாத ஒரு சுருள்வில்லும், சூட்டில் கரியாகாத ஒரு கூடும் ஆகும். வீடு கட்டும்போது தரைக்கும் வண்ணத்திற்கும் மனமுவந்து செலவிடும் நாம், சுவருக்குள் மறைந்து நின்று நாள்தோறும் நெருப்பை அணைக்கும் இவற்றுக்கும் சிறிது கருதிச் செலவிடுவோமாக.

மின்கசிவு ஏற்பட்டால் கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் கருவியைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.